இரு குடிவருகை, ஒரு தோட்டம்: ஃபோகோனியேயின் ‘மலேசி’யும் தமிழ்த் தோட்ட நாவல்களும்

குடும்பத்தோடு பிறநாடு சென்று, அங்கே நிலம் வாங்கி, திராட்சையோ ஒலிவமோ பயிரிட்டு வாழ்வதைக் கூறும் நூல்கள் ஆங்கிலத்தில் தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. 1989இல் வெளிவந்த பீட்டர் மேயிலின் ‘புரோவான்சில் ஓராண்டு’ இவ்வகைக்கு வழி திறந்தது. கிறிஸ் ஸ்டூவர்ட் 1999இல் தென்ஸ்பெயினின் மலைப்பண்ணை வாழ்வை எழுதினார். கேரோ ஃபீலி, அயர்லாந்தை விட்டுக் கணவரோடும் சிறு பெண்குழந்தைகளோடும் பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் திராட்சைத் தோட்டம் நடத்தச் சென்ற கதையை 2012இல் நூலாக்கினார். இந்நூல்களைத் தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கிவிடுவது இயல்பு. ஆயினும் இவற்றின் கதைப்பின்னல் நமக்கு அயலானதன்று. அதே கதை நூறாண்டுகளுக்கு முன் சிலாங்கூர் மண்ணிலேயே நிகழ்ந்தது. அதைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு நாவலும் பிரெஞ்சு மொழியில் உள்ளது. நம் தோட்ட நாவல்கள் அக்கதையின் மறுபாதியாகும். இவ்விரு பாதிகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மேலைநூல்களின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இவற்றில் புறப்பாடு என்பது ஒரு விருப்பம். வாடகைக் கடனோ பஞ்சமோ எவரையும் துரத்துவதில்லை; நகர வாழ்வின் சலிப்பே துரத்துகிறது. அடுத்து, கதையின் தொடக்கத்திலேயே ஒரு பத்திரம் கையொப்பமாகிறது. கூரை ஒழுகலாம், குழாய் உறையலாம், அண்டை வீட்டார் மொழி புரியாமற் போகலாம். ஆயினும் அத்துணை இடர்களும் நகைச்சுவையாக மாறுவதற்குக் காரணம் அந்தப் பத்திரமே. தன் நிலத்தில் படும் பாடு சிரிப்புக்குரியதாகிறது. மேயிலின் நூலில் திராட்சைக் கொடிகளை உண்மையில் பேணுபவர் அவரல்லர். ஃபோஸ்தேன் என்னும் அண்டை உழவரே. நம் தஞ்சை மாவட்டத்தார் ‘வாரம்’ என்று சொல்வார்களே, ஏறத்தாழ அதே முறையில் விளைவு பங்கிடப்படுகிறது. அவ்வுழவர் ஆண்டுக்கு எத்தனை நாள் உழைக்கிறார், அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பன நூலின் அக்கறைகள் அல்ல. அவர் ஒரு சுவையான பாத்திரம், அவ்வளவே. அழையாமல் வந்து தங்கும் விருந்தினர் பற்றிய அலுப்பு அந்நூல் முழுதும் தொடர்கிறது. இக்குறிப்பை நினைவிற் கொள்வோம். கிள்ளான் வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

சாரந்திலிருந்து சிலாங்கூருக்கு

ஹென்றி ஃபோகோனியே 1879இல் பிரான்சின் சாரந்த் வட்டாரத்துப் பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தார். கொன்யாக் என்னும் திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. அவர்தம் குடும்பமும் அவ்வணிகத்தோடு தொடர்புடையது. 1905இல் அவர் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்துக் கித்தா பயிரிட்டார். தம் குடும்பத்தாரையும் ஊர் நண்பர்கள் சிலரையும் பின்னர் வரவழைத்துக்கொண்டார். மதுவிளையும் ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பால்மரக் காட்டில் தன் வாழ்வைத் தேடிக்கொண்டது என்று இதனைச் சுருங்கக் கூறலாம். கித்தாவோடு அவர் நிற்கவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆட்ரியன் ஹாலேயின் துணையோடு சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொணர்ந்தார். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் அவர் முயற்சியால் உருவானது. அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’! உலகச் செம்பனை வரலாற்றைப் பேசும் எந்த நூலும் தவிர்க்க முடியாத அப்பெயர் தமிழ்ப் பெயர். அதுவும் வேறொரு மரத்தின் பெயர். அதனைச் சூட்டியவர் எவராயினும், காடழித்து மரம் நட்டவர் வாயில் வழங்கிய மொழி எதுவென்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஃபோகோனியே மலாயாவை விட்டு நீங்கித் துனீசியாவில் குடியேறியபின் எழுதிய நாவலே ‘மலேசி’. 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் பரிசை அது பெற்றது; மறு ஆண்டே ‘மலாயாவின் ஆன்மா’ என்னும் பெயரில் ஆங்கிலத்திற்கும் வந்தது. முதல் உலகப்போரின் அகழிகளில் சந்தித்த லெஸ்கால், ரொலேன் என்னும் இரு பிரெஞ்சுக்காரர் மலாயாத் தோட்டத்தில் மீண்டும் கூடுகின்றனர். கதைசொல்லியான லெஸ்கால் தோட்டக்கலை பயில்கிறான். ரொலேன் அவனுக்கு இம்மண்ணைக் கற்பிக்கிறான். ரொலேனின் ‘பனைகளின் வீடு’ நாவலின் நடுவிடம். மலாய்ப் பணியாளன் ஸ்மாயிலின் வெறியாட்டத்தோடு கதை முடிவை நெருங்குகிறது.

இந்நாவலைக் குடியேற்ற ஆதிக்கத்தின் குரல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தம் இனத்தாரின் மன்ற வாழ்வையும் செருக்கையும் ஃபோகோனியே எள்ளி நகையாடுகிறார். மலாய்ப் பாந்துன்கள் அவர் நூலின் உயிர்நாடியாக ஓடுகின்றன. ஐரோப்பியர் எழுதிய மலாயாக் கதைகளில் உள்ளூர் மொழியின் கவிதைக்கு இத்துணை மதிப்பளித்தவை அரிது. சாமர்செட் மாமின் கதைகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். மாம் விருந்தினராக வந்து சென்றவர். ஃபோகோனியே மண்ணில் கைவைத்தவர்.

எனினும் அவருடைய அன்பு சமமாகப் பங்கிடப்படவில்லை. மலாயர் அந்நாவலில் கவிதையாகவும் மறைபொருளாகவும் விளங்க, தமிழர் பெரும்பாலும் உழைப்பாகவே தோன்றுகின்றனர். பழனியாயி என்னும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணோடு லெஸ்கால் கொள்ளும் உறவு, கதைசொல்லியின் தனிமைக்கு மருந்தாகவும் வெப்பநாட்டு வாழ்வின் ஓர் அனுபவமாகவும் அமைகின்றது. அவள் என்ன நினைத்தாள் என்பது நாவலின் வினா அன்று. மறுக்கும் வாய்ப்பு அவளுக்கு இருந்ததா என்பதும் வினா அன்று. இதே நிகழ்ச்சியைத் தமிழ்ப் புனைகதை எவ்வாறு கூறியது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘மலேசி’ பரிசு பெற்ற ஐந்தாண்டுகளில், 1935இல், புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ மணிக்கொடியில் வெளிவந்தது. களம் இலங்கைத் தேயிலைத் தோட்டம். கணவன் சிறைப்பட்டபின் கடல்கடக்கும் மருதி, தோட்டத்து அதிகாரம் உடையவனின் இச்சைக்கு இரையாகிறாள். அங்கே அது அனுபவம் அன்று. நோயும் அழிவும் ஆகும். புதுமைப்பித்தன் இலங்கைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லர்; ஃபோகோனியே ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் தோட்டத் தொடர்பு உடையவர். நேரில் கண்டவர் காணாததைக் காணாதவர் கண்டார் என்பதே இங்கு எழும் சிக்கல். நேரனுபவமே உண்மைக்கு உறுதி என்று தோட்ட இலக்கியத்தை மதிப்பிடும் நம் வழக்கத்தை இவ்வொப்பீடு அசைக்கின்றது.

குடும்பம் என்னும் கருவி

‘தோட்டம்’ என்னும் சொல் தமிழ்நாட்டில் வீட்டுக் கொல்லையையும் பூஞ்சோலையையும் குறிக்கும். மலேசியத் தமிழில் அச்சொல்லுக்கு முதற்பொருள் எஸ்டேட். ‘அவர் தோட்டத்திலிருந்து வந்தவர்’ என்றால் அவர் தோட்டம் உடையவர் என்று எவரும் பொருள்கொள்வதில்லை. ஒரு சொல்லின் பொருளிலேயே உடைமை கழன்றுபோன வரலாறு இது.

மேலைநூல்களில் குடும்பம் புறப்பாட்டின் காரணமாக உள்ளது: குழந்தைகள் நல்ல காற்றில் வளர வேண்டும், கணவனும் மனைவியும் ஒருங்கே உழைக்க வேண்டும் என்பன போன்றவை. தோட்ட முதலாளியத்தில் குடும்பம் ஒரு கருவி. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே வளர்ந்திருந்த கங்காணி முறை முதன்மை பெற்றது. கங்காணி தன் ஊருக்கும் உறவுக்கும் சென்று ஆள் திரட்டினான். ஆகவே தனியாட்களோடு குடும்பங்களும் வந்தன. குடும்பமாக வந்தவர் எளிதில் ஓடிப்போவதில்லை. பெண்ணும் பால் வெட்டுவாள். ஆணைவிடக் குறைந்த கூலி பெறுவாள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும்; சற்று வளர்ந்ததும் ஒட்டுப்பால் பொறுக்கும் அல்லது புல் பிடுங்கும். லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். உதவியுடன் கூடிய இக்குடிப்பெயர்வை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை இந்த ஏற்பாடு ஒழுங்காக இயங்கியது.

இக்கருவித் தன்மையை மிகத் தெளிவாகக் காட்டும் படைப்பு மலேசியாவுக்கு வெளியே எழுதப்பட்டது என்பது நம் திறனாய்வாளர் கருதத்தக்கது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என வந்தது. 2013இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படத்துக்கு அதுவே அடிப்படை. கருப்பன், வள்ளி என்னும் இளம் இணையர் மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கி மலையேறுகின்றனர். மேலைநூலில் பத்திரம் கையொப்பமாகும் இடத்தில், இங்கே முன்பணம் கைமாறுகிறது. முன்னது நிலத்தை மனிதனுக்கு உரிமையாக்குகிறது. பின்னது மனிதனை நிலத்திற்கு. அதன்பின் ஆண்டுக் கணக்கு முடியுந்தோறும் கடன் வளர்கிறதேயன்றித் தேய்வதில்லை. கணக்கு எழுதப்படும் காட்சிகளே அந்நாவலின் வன்மை. கண்ணீர்க் காட்சிகளைவிட அவை அச்சமூட்டுகின்றன.

மலேசிய நாவல்களுள் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993) குடும்பத்தை வேறொரு கோணத்தில் வைக்கிறது. தந்தையைத் தேடிச் செல்லும் மகன் மாயாவும் அதே இருப்புப்பாதையில் அகப்பட்டுக்கொள்கிறான். தோட்டத்திலிருந்து குடும்பத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துச் செல்லும் அதிகாரம், துரையிடமிருந்து ஜப்பானியரிடம் கைமாறியதை அந்நாவல் காட்டுகிறது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் காலத்தையும் அதனையடுத்த அவசரகாலத்தையும் ஆற்றங்கரை மக்களின் வாழ்வில் வைத்துப் பேசுகிறது. அகிலன் தம் மலேசியப் பயணத்தின்பின் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தமிழ்நாட்டு வாசகர்க்கு இத்தோட்டங்களை அறிமுகம் செய்த அளவில் பயனுடையது. ஆயினும் விருந்தாளியின் கண் அதில் மறையவில்லை. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ மொழியால் இவற்றையெல்லாம் கடந்து நிற்பது. தோட்டத்துப் பேச்சின் உள்மூச்சை அவரளவு பிடித்தவர் குறைவு.

மது

திராட்சைத் தோட்ட நூல்களில் மதுவே விளைபொருள், அதுவே பெருமை, அதுவே கொண்டாட்டம். யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியனுக்கு வாழ்த்தாகக் கூறும் புறநானூற்றை அறிந்த நமக்கு மதுவைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் உழைப்பவருக்கு மது எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் ‘டொப்’ என்னும் முறை இருந்தது. உழைப்பாளர்க்குக் கூலியின் ஒரு பகுதியாக மட்டமான மது நாள்தோறும் அளந்து ஊற்றப்பட்டது. சட்டம் தடுத்த பின்னும் அது நெடுங்காலம் ஒழியவில்லை. அத்தோட்டங்களைத் தொடக்கத்தில் உருவாக்கிய அடிமைகளுள் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்தும், வங்கத்திலிருந்தும், டச்சுக்காரர் கோட்டை வைத்திருந்த நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டோர் இருந்தனர். ஆக, தமிழகக் கரையோரத்தார் அயல்நாட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குச் சென்றதும் உண்டு; அவர்கள் சென்ற முறைதான் வேறு.

மலாயாவில் அவ்விடத்தைக் கள்ளுக்கடை நிரப்பியது. உரிமம் பெற்ற கடையைத் தோட்டத்துக்குள்ளேயே நிருவாகம் நடத்தியது. காலையில் கொடுத்த கூலி மாலையில் மரத்தடிக்குத் திரும்பி வந்தது. நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் குடிகாரத் தந்தை இடம்பெறாத தோட்டம் இல்லை எனலாம். நம் திறனாய்வும் பள்ளிப் பாடவிளக்கமும் அத்தந்தையை ஒழுக்கக் கேட்டின் எடுத்துக்காட்டாகவே பெரிதும் விளக்கி வந்துள்ளன. ‘மதுவின் தீமை’ என்னும் படிப்பினையோடு பாடம் முடிந்துவிடும். கடையைத் திறந்தவர் யார், அதன் வருவாய் எங்குச் சென்றது என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவதில்லை.

தொழிலாளர்கள் அவ்வினாவை எழுப்பினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. அக்கோரிக்கைப் பட்டியலை ஓர் இலக்கியப் பனுவலாகவே படிக்கலாம் என்பது நம் கருத்து. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் அலுவலரும் முறைகேடாக நடத்தலை நிறுத்துதல், துரை எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டாமை, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல். பழனியாயியைப் பற்றி ‘மலேசி’ கேளாத வினாவுக்கு, நாவல் வெளிவந்த 11ஆம் ஆண்டில், அதே சிலாங்கூர் மாநிலத்தில், தொழிலாளர்கள் எழுத்து வடிவில் விடை தந்துவிட்டனர். புரோவான்சில் விருந்தினர் தொல்லை தாளவில்லை என்று ஒருவர் நகைச்சுவையாக எழுத இயலும். கிள்ளானிலோ, உறவினர் தன் வீட்டுக்கு வர உரிமை வேண்டும் என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போருக்குப்பின் கெடாவில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படையும் கள்ளுக்கடை எதிர்ப்பையே முன்வைத்தது. குடிகாரத் தந்தைக்கு இத்துணை இடமளித்த நம் புனைகதையில், கள்ளுக்கடையை மறித்து நின்ற மகனுக்குக் கிடைத்த இடம் சிறிது.

உடைமையைப் பற்றிய மௌனம்

நம் திறனாய்வு மரபின்மேல் ஒரு குறையைக் கூற வேண்டியுள்ளது. தோட்ட இலக்கியத்தைத் ‘துயர இலக்கியம்’ என்று பெயரிட்டு, துயரத்தின் அளவைக்கொண்டே படைப்பின் தரத்தை அளக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. துயரம் உண்மை, அதனை மறுப்பவர் எவருமிலர். ஆனால் இம்முறையில் பயின்ற மாணவனுக்கு, அதாவது செராசிலோ ஷா ஆலமிலோ அடுக்குமாடியில் பிறந்து லயத்தைப் பார்த்தே இராத இன்றைய மாணவனுக்கு, தன் பாட்டன் பாட்டியர் விருப்பமோ திட்டமோ கணக்கோ இல்லாத மனிதராகவே தோன்றுவர். கப்பலேறியவன் ஏமாற்றப்பட்டான் என்பதோடு அவனும் ஒன்றை விரும்பினான் என்பதும் உண்மை. அவன் விரும்பியது பெரும்பாலும் நிலம். ஊரில் கால் காணியாவது வாங்கத்தக்க பணத்தோடு திரும்புவது அவன் கனவு. லயத்துக்குப் பின்புறம் மாடு வளர்த்ததும், கீரை பயிரிட்டதும், பால் விற்றதும் அந்த விருப்பத்தின் தடங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுகிலும் தோட்டங்களில் இவை இருந்தன. நம் நாவல்களில் இவை பின்புலக் காட்சிகளாக வந்து மறைகின்றன.

நிலம் உடையவராக ஆன தமிழரும் இருந்தனர். எம். எஸ். வீராசாமி 1896இல் மலாயா வந்து, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கித்தாத் தோட்ட முன்னோடிகளுள் ஒருவரானார். அவர்தம் மகன் துன் வீ. தி. சம்பந்தன். செட்டியார்கள் ஈட்டுக் கடன்வழியும் விலைக்கும் தோட்டங்கள் பெற்றனர். ப. சிங்காரம் வட்டிக்கடை உலகைத் தம் நாவல்களில் நுட்பமாகக் காட்டினார். எனினும் தமிழர் தோட்ட முதலாளியின் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்லும் நாவல் அரிது. ஃபோகோனியே தம் பனைகளின் வீட்டை எழுதினார். அதற்கு நிகரான ஒரு தமிழ் வீடு சுங்கை சிப்புட்டில் இருந்தது, எழுதப்படவில்லை. தமிழ் முதலாளியை எழுதினால் தமிழ்க் கங்காணியையும், கிராணியையும், சாதியையும் எழுத நேரும். துரையை வில்லனாக்குவது எளிது. இத்தயக்கமே மௌனத்தின் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

வெள்ளையர் குடிவருகையையும் நாம் போதிய அளவு படிக்கவில்லை. இன்றைய புத்ராஜெயா நிற்கும் நிலத்தின் பழைய பெயர் பிராங் பெசார். ‘பெரும்போர்’ என்பது அதன் பொருள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921இல் அங்குக் காடழித்துக் கித்தாத் தோட்டம் அமைத்தனர். போரால் களைத்தவர் புதுநிலத்தில் புதுவாழ்வு தேடிய கதை அது. லெஸ்காலும் ரொலேனும் அதே போரிலிருந்து வந்தவர்களே. அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை, உழைக்காமலும் இல்லை. அத்தோட்டம் உருவாக்கிய ‘பி.பி.’ வகைக் கித்தாச் செடிகள் உலகெங்கும் நடப்பட்டன. ஆனால் அந்நிலம் கைமாறிய முறையும் தமிழ்க் குடும்பங்கள் அதைவிட்டு நீங்கிய முறையும் ஒன்றல்ல. 1990களில் கூட்டரசின் நிருவாகத் தலைநகர் எழும்பியபோது பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குச் சென்றன. தலைமுறைகளாக வாழ்ந்த நிலத்தின்மேல் அவர்களுக்குப் பத்திரம் எதுவும் இருந்ததில்லை. அந்த இடப்பெயர்வு கடல் கடந்ததன்று. சில கல் தொலைவுதான். நம் புலம்பெயர் இலக்கிய வரையறையோ கடல் தாண்டிய பயணத்தையே பயணமாகக் கொள்கிறது.

இவ்வகையில் கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’ (2013) தனிக் கவனத்துக்குரியது. தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் பகாங் மாநிலத்து நிலக் குடியேற்றத் திட்டமொன்றுக்கு ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்டுக் கொத்தடிமைகளாக அடைக்கப்பட்ட உண்மை நிகழ்ச்சி அதன் மூலம். குடும்பத்தோடு புது நிலத்தை நோக்கிப் புறப்படும் திராட்சைத் தோட்டக் கதையின் முதற்காட்சி இதில் அப்படியே உள்ளது: நம்பிக்கை, மூட்டை முடிச்சு, பிள்ளைகள், வண்டி. இங்கே ஏமாற்றப்படுவோர் கப்பலேறிய முதல் தலைமுறையினர் அல்லர்; இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டனை ஏமாற்றிய அதே சொல் பேரனையும் ஏமாற்றுகிறது என்றால், அப்பேரன் அறியாமையால் ஏமாறவில்லை. நிலத்தின்மேல் அணையாத விருப்பத்தால் ஏமாறினான். நாவல் இவ்விருப்பத்தை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம். தப்பித்தலின் பரபரப்பு தொடங்கியதும் அது பின்னுக்குப் போய்விடுகிறது. எனினும் துயரத்தின் அடியில் கிடக்கும் ஆசையைத் தொட்ட நாவல்களுள் இதற்கு இடமுண்டு.

நிலம் கிடைத்த கதை ஒன்றும் நம்மிடம் உள்ளது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தபோது, 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப்பணம் கேட்டார். அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு இன்று அவர் பெயர். அச்சாலை வழியே நாள்தோறும் கோலாலம்பூர் சென்ட்ரலுக்குச் செல்லும் நம் மாணவர்க்கு அவர் ஓர் அமைச்சர் என்ற அளவில்தான் தெரியும். பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்கிய அந்நிகழ்ச்சியில் ஒரு நாவலுக்கு வேண்டிய அனைத்தும் உள்ளன: ஐயம், வீட்டுக்குள் சண்டை, முதல் தவணைக்காக அடகுவைத்த நகை, சங்கத்தை நம்பாத கிழவர், நம்பிய மனைவி. பங்கு பெற்ற மறுநாள் விடியலிலும் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, அதே நிரையில் மங்கு கவிழ்த்துப் பால் வெட்டினான் தொழிலாளி. இப்போது அவன் தன் தோட்டத்திலேயே கூலி பெறுபவன். அவனுடைய துரை யார், அவன் யாருக்கு முன் மிதிவண்டியை விட்டு இறங்கினான், அன்று மாலை வீட்டில் என்ன பேசினான் என்பவற்றை இங்கே எடுத்துக்கொண்ட நாவல்களுள் ஒன்றும் சொல்லவில்லை.